நூறு எண்ணுவதற்குள்

ஜூலை 8, திங்கள்

இந்த நோட்டில் நடப்பதையெல்லாம் உண்மையாக எழுதப்போகிறேன். வெட்கமானதையும் எழுதுவேன், என் தப்பையும் எழுதுவேன். பத்தாம் வகுப்பு அறிவியல் நோட்டில் மிச்சமிருந்த நாற்பத்திரண்டு தாள்களைத் தைத்து இதைச் செய்திருக்கிறேன். பொய் எழுதி வீணாக்க அவ்வளவு தாள் இல்லை.

என் பெயர் நிறைமதி. பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் பிரிவு. ஊர் ஆலங்குடிப் பக்கம். நாமக்கல் தாண்டி இருக்கும் இந்தப் பள்ளியின் விடுதியில் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. நான்தான் வரவேண்டும் என்று அடம்பிடித்தேன். ஒரு மாசத்தில் அழுதுகொண்டு ஓடி வந்துவிடும் என்று பெரியப்பா சொன்னார். ஒரு மாதம் முடிந்துவிட்டது.

எங்கள் அறையில் நான்கு இரட்டைக் கட்டில், எட்டுப் பேர். கட்டிலின் கம்பியில் அவரவர் பெயரை ஒட்டியிருக்கிறார்கள். நான் கீழே, எனக்கு மேலே பிரிசில்லா. உவரிக்காரி. கணக்கில் நூற்றுக்கு நூறு தவிர வேறு எதையும் வாங்கத் தெரியாதவள். அதிகம் பேசமாட்டாள்.

மாடியில் அறுபத்திரண்டு பேருக்கு ஆறு கழிவறைகள். நாலே முக்காலுக்கு எழுப்பும் மணி, ஐந்தரைக்குப் படிப்பு மணி. அதனால் ஒருத்தி உள்ளே போனதும் வரிசையில் அடுத்து நிற்பவள் கதவுக்கு வெளியே ஒன்றிலிருந்து நூறுவரை சத்தமாக எண்ணுவாள். நூறுக்குள் வந்துவிட வேண்டும். வராவிட்டால் வரிசை முழுவதும் கதவைத் தட்டும். யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. வகுப்பு நேரத்தில் வெளியே போக ஒரே ஒரு மரப்பலகைதான். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும், போகிறவளை எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் காலையில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. மதியம் வரை பாட்டிலைத் திறக்காதவளுக்கு இங்கே ‘ஒட்டகம்’ என்று பெயர். நான் மூன்றாம் வாரமே ஒட்டகமாகிவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இன்று படிப்புக்கூடத்தில் உட்காரும்போது பெஞ்சில் ஆணி குத்துவது போல் இருந்தது. குனிந்து தடவிப் பார்த்தேன். ஆணி இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

தொடையில் சுளுக்கு. இயற்பியல் இரண்டாம் பாடம் முடித்தேன்.

ஜூலை 11, வியாழன்

செவ்வாய்க்கிழமை எழுதியது பொய். இரண்டாம் நாளே பொய் எழுதியிருக்கிறேன். இப்போது சரியாக எழுதுகிறேன்.

வலி தொடையில் இல்லை. மலம் கழிக்கும் இடத்தில். ஒரு வாரமாக மலம் கல்லைப் போல இறுகி வருகிறது. வரும்போது கண்ணாடித் துண்டு அறுப்பது போல் இருக்கிறது. அதைவிட மோசம் அதற்குப் பிறகு. மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்த மாதிரி எரிச்சல், காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் மூன்றாம் பீரியடு வரைக்கும். இன்று ரத்தம். நல்ல சிவப்பு, ஐந்தாறு சொட்டு. மாதவிலக்கு முடிந்து பத்து நாள் ஆகிறது, ஆகவே அது இல்லை.

வெளியே எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவசரமாக மூன்று வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன்.

எழுதிய பிறகு இந்தப் பக்கத்தை வேறு யாரோ எழுதியது போல் இருக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

இன்று போகவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

தொலைபேசி நாள். ஆபீஸ் ஜன்னல் ஓரத்தில் போன், ஆளுக்கு மூன்று நிமிடம். அடுத்துப் பேச வேண்டியவள் தோளை உரசிக்கொண்டு நிற்பாள். உள்ளே வார்டன் கோமளவல்லி மேடம் தபால் பிரித்துக்கொண்டிருப்பார்.

அம்மா முந்திரி உடைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா, இருமல் இருக்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். நான் சொல்ல வேண்டியதை அவர் கேட்கவில்லை. அதை எந்த வார்த்தையால் சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை. வீட்டில் நாங்கள் அந்த இடத்துக்குப் பெயர் வைத்துப் பேசியதே இல்லை.

“கொரலு ஒரு மாதிரியா இருக்கே தாயி” என்றார்.

ஆளுங்க நிக்கிறாங்கம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 15, திங்கள்

ஒரு யோசனை. சாப்பிட்டால்தானே போக வேண்டும். இன்று காலை உப்புமாவைப் பாதியும் இரவுச் சப்பாத்தியை முழுதும் விட்டுவிட்டேன். பசி வலிக்கவில்லை, வெறுமனே பசிக்கிறது. வலியோடு ஒப்பிட்டால் பசி எவ்வளவோ நல்ல பிள்ளை.

சாப்பிடும்போது சமையலறை பாப்பாத்தி அக்கா என் தட்டைப் பார்த்துவிட்டு விரதமா என்றார். தலையாட்டினேன். இது பொய்க்கணக்கில் சேருமா?

ஜூலை 17, புதன்

யோசனை தப்பு. நான்கு நாள் அடக்கி வைத்திருந்தது முன்னைவிட இறுகிப்போய், இன்று உள்ளே துணியைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கதவுக்கு வெளியே பிரிசில்லா எண்ணினாள். எழுபது சொன்ன பிறகு எழுபத்தொன்று சொல்லாமல் அறுபத்தொன்று என்றாள். மறுபடி எழுபது வந்தது, மறுபடி அறுபத்தொன்று. கணக்கில் புலி என்கிறார்கள், தூக்கக் கலக்கத்தில் எண்ணக்கூட வரவில்லை. எனக்கு நல்லதாகப் போயிற்று.

ரத்தம் அதிகம்.

இரவுப் படிப்பில் உட்கார முடியவில்லை. ஜன்னலோரம் போய்ச் சுவரில் புத்தகத்தை வைத்துக்கொண்டு நின்றபடி படித்தேன். நின்றால் எரிச்சல் பாதியாகிறது.

ஜூலை 18, வியாழன்

நூலக அலமாரியைத் திறந்த அரைமணி நேரத்தில் அட்டை கிழிந்த ஒரு பழைய மருத்துவப் புத்தகம் கிடைத்தது. மலத்தில் ரத்தம் என்ற தலைப்பில் ஒன்பது காரணங்கள் போட்டிருந்தது. எட்டை வேகமாகப் படித்தேன். ஒன்பதாவதை மூன்று முறை படித்தேன். புற்று.

எங்கள் உயிரியல் பாடநூலிலும் தேடினேன். செரிமான மண்டலப் படத்தில் வாய்க்கு அரைப் பக்கம், இரைப்பைக்கு ஒரு பக்கம், சிறுகுடலுக்கு ஒன்றரை. கடைசி உறுப்புக்கு ஒரு கோடு, ஒரு சொல்: ஆசனவாய். அதோடு பாடம் முடிந்துவிடுகிறது. அங்கே எதுவும் ஆகாது என்று நினைத்தார்கள் போலும்.

மருத்துவரிடம் போக வேண்டுமானால் உடல்நலப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆபீஸ் ஜன்னலில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கும் நீள நோட்டு. தேதி, பெயர், அறை, என்ன செய்கிறது, என்ன மருந்து. போனுக்குக் காத்திருக்கிறவர்கள் எல்லோரும் பொழுதுபோக அதைத்தான் புரட்டுவார்கள். நானும் புரட்டியிருக்கிறேன். போன வருடம் பன்னிரண்டாம் வகுப்பு அக்கா ஒருவர் தொடர்ந்து ‘வயிற்றுவலி’ என்று எழுதியிருந்தார். அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வரவில்லை. பதினைந்தாம் நாள் அவர் கட்டிலில் வேறு பெயரை ஒட்டிவிட்டார்களாம்.

பேனாவை எடுத்தேன். ‘தலைவலி’ என்று எழுதினேன். ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள்.

விளக்கை அணைத்துவிட்டார்கள். நடைவழி வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

ஜூலை 19, வெள்ளி

கோமளவல்லி மேடம் இன்று இரவுப் படிப்புக்கு வந்தார். நான் ஜன்னலோரம் நின்றிருந்ததைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. எல்லோரையும் நிமிரச் சொன்னார்.

“இந்தப் புள்ளயப் பாருங்க. மூணு நாளா பாக்கறேன், தூக்கம் வரக்கூடாதுன்னு நின்னுக்கிட்டே படிக்குது. படிக்கோணும்ங்கற வெறி இருந்தா இப்படித்தான் கண்ணு இருக்கும்.”

கைதட்டினார்கள். நானும் கும்பிடுவது போல் ஏதோ செய்தேன். உண்மை சொல்ல அதுதான் சமயம். சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் பயம் மட்டுமில்லை. இங்கே வந்த ஆறு வாரத்தில் என்னை யாரும் பாராட்டியதில்லை. அதையும் எழுதிவிட வேண்டும்.

ஜூலை 22, திங்கள்

பாராட்டின் விலை வந்துவிட்டது. இன்றிலிருந்து பதினொன்றாம் வகுப்பு முழுவதும் இரவு கடைசி ஒரு மணி நேரம் நின்று படிக்க வேண்டும். மேடத்தின் உத்தரவு.

அறுபத்திரண்டு பேர் பெஞ்சுக்குப் பின்னால் நின்றோம். ஒன்பதரைக்குள் எல்லோரும் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள். படிப்புக்கூடத் தலைவி தர்ஷனா, கரூர்க்காரி, என்னைத் தாண்டிப் போகும்போது கையை நெற்றியில் வைத்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாள்.

“கொடிக்கம்பத்துக்கு வணக்கம். காத்தால ஏத்துவாங்களா, ராத்திரியே ஏத்திட்டாங்களா?”

சிரிப்பு. அறைக்கு வந்ததும் எல்லோரும் பாதத்தைத் தேய்த்துக்கொண்டார்கள். என்னிடம் யாரும் பேசவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

என் பெயர் கொடிக்கம்பம்.

ஜூலை 25, வியாழன்

சாப்பாட்டுக்கூடத்தில் நான் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிறது. நான் சீக்கிரம் எழுந்துவிடுகிறேன், ஆகவே அவர்களுக்கு அதிகத் தொல்லை இல்லை. என் தலைமாட்டில் இன்றும் ஒரு வாழைப்பழம் இருந்தது. திங்கட்கிழமையும் இருந்தது. பிரிசில்லாவின் மேல்கட்டிலிலிருந்து விழுந்திருக்கும். எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன். சற்று நேரத்தில் மறுபடி என் பக்கம் இருந்தது. கட்டில் சாய்ந்திருக்கிறது போல.

இன்று மாலை கைப்பந்து ஆடும்போது பிரிசில்லாவுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. நன்றாக வீங்கியிருந்தது. இரவு எட்டரைக்கு நிற்கும் மணி அடித்ததும் அவளும் எழுந்தாள். உட்கார அனுமதி கேட்கலாமே என்று தர்ஷனா சொன்னாள். கேட்டாலும் மேடம் கொடிக்கம்பத்தைக் காட்டுவார்கள் என்று இன்னொருத்தி சொன்னாள். பிரிசில்லா ஒரு மணி நேரமும் ஒற்றைக்காலில் நின்றாள். என்னை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

நான் உட்கார முடியாததால் அவள் நிற்கிறாள். வேறு எப்படி எழுதிப் பார்த்தாலும் இந்த வாக்கியம் இப்படித்தான் வருகிறது.

ஜூலை 26, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

எப்படி நடந்தது என்று முழுவதும் எழுதுகிறேன். எட்டரை மணி. எல்லோரும் எழுந்தார்கள். பிரிசில்லா கட்டுப்போட்ட காலோடு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மேடம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்து, வலி இருந்தால் சுவரில் சாய்ந்துகொள், ஆனால் நில், நிறைமதி பத்து நாளாக நிற்கவில்லையா என்றார்.

நான் கை தூக்கினேன். வகுப்பில் விடை சொல்லத் தூக்குவது போல. கை தானாகத் தூக்கிக்கொண்டது.

“மேடம், நான் தூக்கம் வராம இருக்க நிக்கல. எனக்கு உக்கார முடியல.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். மேடம் என் முகத்தையே பார்த்தார். பிறகு எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு என்னை நடைவழிக்குக் கூட்டிப்போனார். சொற்களை முன்கூட்டியே மனதில் எழுதி வைத்திருந்தேன். வலி, ரத்தம், எத்தனை நாள் எல்லாம் வரிசையாகச் சொன்னேன். பாடம் ஒப்பிப்பது போல வந்தது. கடைசியில் புற்றா மேடம் என்று கேட்கும்போதுதான் குரல் போய்விட்டது.

“அட சாமி” என்றார். தன் சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். ரொம்பவும் அழுத்தித் துடைத்தார், மூக்கு வலித்தது.

வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள் என்று கேட்டேன். நாளைக்கு டாக்டரம்மா சொல்லட்டும் என்றார். அது ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை.

ஜூலை 27, சனி

ஆரம்ப சுகாதார நிலையம். டாக்டரம்மா இளம் வயதுக்காரர், சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். பார்த்தால்தான் தெரியும், பார்க்கலாமா என்று என்னிடம் கேட்டார். மேடத்திடம் கேட்கவில்லை, என்னிடம். சரி என்றேன். திரைக்குப் பின்னால் நர்ஸ் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

புற்று இல்லை. அதை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும்.

ஆசனவாய் வெடிப்பு. உதடு வெடிப்பது போல, தோலில் ஒரு சின்னக் கிழிசல். இறுகிய மலம் கிழிக்கிறது. வலிக்குப் பயந்து அடக்குகிறோம். அடக்கினால் இன்னும் இறுகி மறுபடி கிழிக்கிறது. என்னுடைய பட்டினி யோசனையைச் சொன்னபோது டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“ஒரு நாளைக்கு எத்தனை தம்ளர் தண்ணி குடிக்கறே?”

“மதியத்துக்கு மேல ரெண்டு.”

“காலையில?”

ஒட்டகம் பற்றிச் சொன்னேன். நூறு எண்ணுவது பற்றியும் சொன்னேன். டாக்டரம்மா என்னைப் பார்க்காமல் மேடத்தைப் பார்த்தார். மேடம் சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்தார்.

செய்ய வேண்டியவை: தினமும் பத்துத் தம்ளர் தண்ணீர். இரவு படுக்கும்முன் ஒரு தம்ளர் தண்ணீரில் இசப்கோல் உமி. மலத்தை இளக்கும் சிரப். தடவ ஒரு களிம்பு. அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, காலையும் மாலையும் பத்துப் பதினைந்து நிமிடம் அதில் உட்கார வேண்டும். கீரை, பழம். முக்கக் கூடாது. வந்தால் அடக்கக் கூடாது, எந்த வகுப்பாக இருந்தாலும். ஆறு வாரம். வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

“இது எத்தனையோ பேருக்கு வர்றதும்மா. உங்க விடுதியிலயே அஞ்சு பேருக்காச்சும் இருக்கும், சொல்ல மாட்டாங்க.”

என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்று தெரிந்தது. இருந்தாலும் நன்றாக இருந்தது.

திரும்பி வந்ததும் பதிவேட்டை நிரப்ப வேண்டும். மேடம் பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு, “வயித்து வலின்னு போட்டுக்கலாம் கண்ணு. எல்லாரும் பாக்கற நோட்டு” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதே பக்கத்தில் மேலே, ஜூலை 18இல் என் கையெழுத்தில் ‘தலைவலி’ இருந்தது. அந்தப் பொய்க்கு எனக்குக் கிடைத்தது ஒரு வெள்ளை மாத்திரை.

‘ஆசனவாய் வெடிப்பு’ என்று எழுதினேன். எழுத்து கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

ஜூலை 28, ஞாயிறு

போன் வரிசையில் தர்ஷனா பதிவேட்டைப் புரட்டினாள். நான் ஆறு பேருக்குப் பின்னால் நின்றேன். அவள் விரல் ஓரிடத்தில் நின்றதைப் பார்த்தேன். வாய்விட்டுப் படிப்பாள் என்று காத்திருந்தேன். படிக்கவில்லை. நோட்டை மூடித் தொங்கவிட்டாள்.

அம்மாவிடம் சொன்னேன். பின்னால் ஆள் நிற்கும்போதே சொன்னேன்.

“நீ பொறந்தப்ப எனக்கு இருந்துச்சு. ஆறு மாசம். யார்ட்டயும் சொல்லல.”

“ஏம்மா?”

“யார்ட்ட சொல்ல?”

மணி அடித்துவிட்டது.

ஜூலை 31, புதன்

மேடம் பேருந்து நிலையக் கடையில் நீலப் பேசின் வாங்கித் தந்தார். சமையலறைக்குப் பின்னால் பழைய சாமான் அறையில் நான் உட்கார, வாசலில் பாப்பாத்தி அக்கா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு காவல். தண்ணீர் பொறுக்கும் சூடுதானா என்று முதலில் தன் முழங்கையை விட்டுப் பார்த்துத்தான் தருவார். எல்லோரும் மைதானத்தில் கத்தும் சத்தம் கேட்கும். நான் ஓட்டை அண்டாக்களுக்கு நடுவில் வேதியியல் படிக்கிறேன். சுற்றிலும் வெங்காய நெடி. கண்ணில் தண்ணீர் வந்தால் வெங்காயம் என்று சொல்லிக்கொள்ள வசதி.

“வெரதமில்ல, கிரதமில்ல” என்று திட்டிவிட்டு, அகத்திக்கீரை கொஞ்சம் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

புதுப் பெயர் வைப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். வைக்கவில்லை. கொடிக்கம்பம் என்றும் இப்போது கூப்பிடுவதில்லை. எதுவும் கூப்பிடுவதில்லை. நான் அறைக்குள் வந்தால் பேச்சு நின்று, வேறு ஏதோ பேச்சு தொடங்குகிறது. கேலி செய்தபோதாவது என் பெயர் யார் வாயிலாவது இருந்தது.

எரிச்சல் இப்போது முதல் பீரியடோடு நின்றுவிடுகிறது. இதைச் சொல்ல ஆள் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நான்கு நாளாக ரத்தம் இல்லை. பாட்டிலை முதல் பீரியடிலேயே திறந்தேன். வகுப்பில் மூடி திறக்கும் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று தெரியாது. பலகையை மாட்டிக்கொண்டு இரண்டு முறை வெளியே போனேன். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று எழுதலாம். ஆனால் காது சூடாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

தப்பு செய்துவிட்டேன். பத்து நாளாக வலி இல்லாததால் ஆறிவிட்டது என்று நானே முடிவுசெய்து, மூன்று நாள் தேர்வில் காலையில் தண்ணீர் குடிக்கவில்லை. பலகை எடுக்க வெட்கம். இன்று காலை மறுபடி அதே கண்ணாடித் துண்டு. மறுபடி ரத்தம். சாமான் அறையில் அழுதேன். இன்று அக்கா வெங்காயம் உரிக்கவில்லை.

தோல் மூடிக்கொண்டாலும் உள்ளே ஆற இன்னும் நாள் ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நானே என் கையால் எழுதி வைத்திருக்கிறேன், ஆறு வாரம் என்று. நான் எழுதியதை நானே படிக்கவில்லை.

மறுபடி முதலிலிருந்து.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

போனுக்குக் காத்திருக்கும்போது பதிவேட்டைப் பிரித்தேன். என்னுடைய வரியைத் தாண்டி காய்ச்சல், பல்வலி, சளி. அதற்கும் கீழே, நேற்றைய தேதியில் ஒரு வரி. அறை 9, தர்ஷனா. என்ன செய்கிறது என்ற கட்டத்தில் முதலில் ஏதோ எழுதி அடித்திருந்தது. பக்கத்தில் என் வரியின் தேதியைப் போட்டு, ‘மேற்படி’ என்று சின்னதாக எழுதியிருந்தாள்.

என் முறை வந்ததும் அம்மாவிடம் என்ன பேசினேன் என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

சாமான் அறையில் இரண்டாவது பேசின், சிவப்பு. யாருடையது என்று அக்கா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவளுக்கு மாலை ஐந்து, எனக்கு ஐந்தரை. கூடத்தில் தர்ஷனா என்னைத் தாண்டிப் போனாள். சல்யூட் இல்லை. என் மேசையில் என் பாட்டில் காலியாக இருந்ததைப் பார்த்து, எடுத்துக்கொண்டுபோய் நிரப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

பதிவேட்டில் இன்னும் மூன்று ‘மேற்படி’. ஒன்று பன்னிரண்டாம் வகுப்பு. யாரும் என்னிடம் வந்து எதுவும் சொல்லவில்லை. அந்த நோட்டில்தான் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறோம்.

வகுப்பில் இப்போது இரண்டு பலகை. மேடம் எதுவும் அறிவிக்கவில்லை. ஒரு காலையில் ஆணியில் இரண்டு தொங்கியது.

செப்டம்பர் 14, சனி

டாக்டரம்மா பார்த்தார். ஆறிவிட்டது. தண்ணீரையும் கீரையையும் விட்டால் திரும்ப வரும் என்று இரண்டு முறை சொன்னார். மேடம் அதை என்னைவிட வேகமாகக் குறித்துக்கொண்டார். அஞ்சு பேர் என்று நீங்கள் சொன்னது சரிதான் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவருக்கு அது நினைவில்லை.

செப்டம்பர் 18, புதன்

நாளை மறுநாள் காலாண்டுத் தேர்வு. மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். உட்கார முடியும்.

மாலை பதிவேட்டில் ஒரு புது வரி பார்த்தேன். அறை 14. பிரிசில்லா. மேற்படி.

அறைக்கு வந்தேன். அவள் மேல்கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஏணியில் இரண்டு படி ஏறி, எத்தனை நாளாக என்று கேட்டேன்.

“போன வருசம் வந்துட்டுப் போச்சு. இப்ப திரும்ப.”

“எனக்கு இருந்தது உனக்கு எப்ப தெரியும்?”

திரும்பாமலே சொன்னாள். “நீ உள்ள மூச்சே விடாம இருந்தேல்லா. அப்பவே தெரியும்ட்டி.”

ஏணியில் அப்படியே நின்றேன். எழுபதுக்குப் பிறகு அறுபத்தொன்று. வாழைப்பழம். கட்டில் சாய்ந்திருக்கவில்லை. இந்த நோட்டில் எல்லாவற்றையும் உண்மையாக எழுதியிருக்கிறேன், ஆனால் பார்த்ததைத் தப்பாகப் பார்த்திருக்கிறேன்.

நீ ஏன் அப்போதே பதிவேட்டில் எழுதவில்லை என்று கேட்க நினைத்தேன். அம்மாவின் பதில் நினைவுக்கு வந்தது. கேட்கவில்லை. என் இசப்கோல் டப்பாவை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு இறங்கினேன்.

செப்டம்பர் 19, வியாழன்

காலை நாலே முக்கால். கடைசிக் கழிவறைக்குப் பிரிசில்லா போனாள். அடுத்து நான். எனக்குப் பின்னால் பதினொரு பேர், எல்லோர் கையிலும் வாளி, நாளை தேர்வு என்பதால் சிலர் கையில் புத்தகமும்.

ஒன்று, இரண்டு என்று தொடங்கினேன். உள்ளே சத்தமே இல்லை. மூச்சுக்கூடக் கேட்கவில்லை. அது எப்படிப்பட்ட அமைதி என்று எனக்குத் தெரியும். அறுபது சொல்லும்போது மெதுவாக்கினேன். எழுபது வந்தது.

அறுபத்தொன்று என்றேன்.

பின்னால் தர்ஷனா நின்றிருந்தாள். ஒரு தப்பு எண்ணைக்கூட விடாதவள். அவள் வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும் சத்தம் கேட்டது. மறுபடி எழுபது வந்தது. மறுபடி அறுபத்தொன்றுக்குப் போனேன். அதன் பிறகும் ஒருமுறை.

வரிசையில் பதினொரு பேர். ஒருவரும் திருத்தவில்லை.

தாள் இன்னும் இரண்டுதான் மிச்சம். விளக்கை அணைத்துவிட்டார்கள்.